ஓடிப் பார்த்த மாப்பிள்ளை

சான் ரஃபாயெலில் பிளம் தோட்டம் வைத்துக்கொண்டு, யார் பேச்சையும் கேட்காமல் அதை நன்றாகவே நடத்திவரும் அருமைத் தங்கை சுலேமாவுக்கு, லுஹானிலிருந்து அண்ணன் எவரிஸ்தோ எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கிரிசெல்தாவும் சௌகரியம். கடையும் சௌகரியம். என் இடது முழங்கால் மட்டும் சுமார், காரணம் கீழே வரும். உன் சௌகரியத்தையும், தோட்டத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டதா என்பதையும் எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. கால்நடை டாக்டர் ஒலிந்தோ உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார் என்றும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்றும், ஞாயிறுதோறும் அந்த மனிதரோடு ஓடுகிறவன் நான் என்பதால் ஆள் எப்படி என்று ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஃபோனில் கேட்டால் நான் தண்ணீர்க் குழாய் விற்கிற மாதிரியே பேசுவேன், அதனால் எழுத்தில்தான் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நியாயம்தான். குளிர்காலத்தில் நீ இங்கே வந்திருந்தபோது உன் நாய் உலர்ந்த பிளம்மைக் கொட்டையோடு விழுங்கித் திணறியதும், ஒலிந்தோ வந்து தொண்டைக்குள் கைவிட்டு எடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாயைக் காப்பாற்ற வந்தவர் அதற்குப் பிறகும் தினம் தினம் நாயை விசாரிக்க வந்தபோதே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அப்போது எனக்குக் கணக்கு முடிக்கிற நேரம்.

நான் வியாபாரி. தட்டிப் பார்க்காமல் ஒரு வாளிகூட வாங்கினதில்லை. ஆளைத் தட்டிப் பார்க்க நீளமான ஓட்டத்தைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. மேசை முன் உட்கார வைத்து மது ஊற்றிக் கொடுத்தால் எவனும் நல்லவன்தான். வெயிலில், உப்புப் பூத்த முகத்தோடு, இன்னும் பத்து கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது அவன் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க வேண்டும். எனக்கு ரத்தத்தில் கொழுப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, தெருவைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். ஒலிந்தோ எதிரே ஓடி வந்தவர், ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி என் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்தார். "ஐயா, நீங்க ஓடுறது வண்டிக் குதிரை மாதிரி இருக்கு. குதிகாலைத் தரையில அடிக்காதீங்க" என்றார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே. கேட்டேன். இப்போது டிசம்பர் மாரத்தானுக்குத் தயாராகிறோம். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டியாயிற்று, 'ஐயா' போய் 'யோவ்' வந்தாயிற்று.

இந்த வசந்தத்தை நீ பார்க்கணும் சுலேமா. திராட்சைக் கொடியில பட்டாணி அளவு துளிர், மேலே மலையில இன்னும் பனி, பாப்ளர் மரமெல்லாம் புது இலை விட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு சலசலன்னு கிடக்கு. இருபத்தஞ்சு வருஷமா இதே பெர்த்ரியெல் ரோட்டுல வேன்ல சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். எந்தத் தோட்டத்துல எத்தனை மீட்டர் குழாய் ஓடுதுன்னு சொல்லுவேன். பூ இருந்துச்சான்னு கேட்டா தெரியாது. இப்ப விடியக் கிளம்பினா, வாய்க்கால் தண்ணி ஒரு பக்கம் கூடவே ஓடிவர, ரெண்டு பேரும் பேசாம ஒரு மணி நேரம் போவோம். அந்தப் பேசாத ஒரு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுக்கக் கடையில பேசிக்கிட்டிருக்கேன்னு தோணுது.

பேசாம ஓட விட்டாத்தானே. அந்த ரோடு முழுக்க என் வாடிக்கைக்காரங்க. போன மாசம் ஒரு தோட்டக்காரர் வேலியோரமா உட்கார்ந்துக்கிட்டு, "எவரிஸ்தோ, யாருப்பா துரத்துறா?"ன்னார். யாரும் துரத்தலை, உடம்புக்காகன்னேன். "உடம்புக்குன்னா நில்லு, ஒரு மாத்தே குடிச்சுட்டுப் போ"ன்னு அந்த இலைத் தேநீரை உறிஞ்சுகுழலோட சுரைக்குடுக்கையில நீட்டிட்டார். நீட்டின மாத்தேயை வேண்டாம்னா இந்த ஜென்மத்துல அவர் என்கிட்ட ஆணிகூட வாங்கமாட்டார். நான் நின்னேன். நின்னதும், நீ குடுத்த பச்சைக் குழாய் வெடிச்சுப்போச்சுன்னு ஆரம்பிச்சார். ஒலிந்தோ நின்ன இடத்துலயே கால்மாத்திக் குதிச்சுக்கிட்டு, அவரோட ஆட்டுக்குக் குளம்பு பார்த்து, பால் மடியையும் தொட்டுப் பார்த்துட்டு, காசு வேண்டாம்னுட்டார். திரும்ப ஓட ஆரம்பிச்சு ரொம்ப தூரம் போனப்புறம், ஏத்தத்துல என்கிட்ட சொன்னார்:

"யோவ், அந்தப் பச்சைக் குழாய் வெயில் தாங்காது. எங்க தொழுவத்துலயும் வெடிச்சுது. விக்காதே."

"இதை இப்பவா சொல்லுவே, மூச்சு வாங்குதுய்யா."

"மூச்சு வாங்குறப்பதான் நீ எதிர்ப்பேச்சு பேசமாட்டே."

திங்கக்கிழமை பச்சைக் குழாய் முழுக்கத் திருப்பி அனுப்பிட்டேன். முப்பது வருஷக் கடையில எனக்கு அப்படிச் சொன்ன ஆள் வேற யாரும் இல்லை. கிரிசெல்தா சொல்லியிருக்கா, ஆனா அவ சமதரையில சொன்னா.

நாய் விஷயமும் கேட்டுக்கோ. இந்த வட்டாரத்துல எல்லா நாய்க்கும் ஊசி போட்டவர் அவர்தான். அவர் தலை தெரிஞ்சதும் ஓநாய் மாதிரி இருக்கிற நாயெல்லாம் வேலிக்குள்ள போய் வாலைச் சுருட்டிப் படுத்துக்கும். அவர் மேல காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பின்னாடி வர்ற என் மேல காட்டும். அதனால நான் ஏத்தத்துலகூட அவரைவிட்டுப் பின்தங்குறதே இல்லை. என் வேகம் கூடினதுக்குக் காரணம் பயிற்சின்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன்.

இப்ப முழங்காலுக்கு வர்றேன். ரெண்டு வாரம் முன்னாடி சோந்தாக் காத்து அடிச்ச ஞாயிறு. மலையிலிருந்து சூடா இறங்கி, வாய் நிறைய மண்ணைக் கொட்டி, புத்தி சரியா இருக்கிறவங்களை எல்லாம் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உட்கார வைக்கிற காத்து. நாங்க ஓடப் போனோம். பாதி வழியில கண்ணைத் திறக்க முடியலை. பக்கத்துல காஞ்சு கிடந்த கிளை வாய்க்காலைப் பார்த்து, உள்ள இறங்கி ஓடினா காத்து தலைக்கு மேல போயிடுமேன்னு நான்தான் சொன்னேன். "தண்ணி முறை என்னைக்கு?"ன்னு கேட்டார். "என்கிட்டயா கேக்குறே? லுஹான்ல எந்த வாய்க்காலுக்கு என்னைக்குத் தண்ணின்னு எனக்கு மனப்பாடம். இதுக்கு நாளைக்குத்தான்"னேன். நாளைக்குத் தண்ணி வர்றது அடுத்த கிளைக்கு. இதுக்கு அன்னைக்கு, அப்பவே. முதல்ல பின்னாடி லாரி வர்ற மாதிரி சத்தம். வாய்க்காலுக்குள்ள ஏது லாரின்னு திரும்பிப் பார்த்தா, ஒரு குவியல் சருகு, அது மேல பிளாஸ்டிக் பாட்டில், ஒத்தைச் செருப்பு, நுரை, அதுக்குப் பின்னாடி மலைப்பனி உருகின தண்ணி மொத்தமும் எங்களைப் பார்த்து வருது. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்சுவர். நாங்க ஓடின வேகத்தை டிசம்பர்ல ஓடினா பரிசே வாங்கலாம். அவர் மதகுகிட்ட முதல்ல ஏறிட்டார். ஏறினவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். நான் ஏறுறப்ப தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு, முழங்கால் கல்லுல மோதிருச்சு, என்னோட ஒரு ஷூ அந்த ஒத்தைச் செருப்புக்குத் துணையாப் போயிருச்சு.

மேல பார்த்தா மதகுப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தோட்டக்காரர், கையில மண்வெட்டி. "என் முறைத் தண்ணியில என்னய்யா குளிச்சுக்கிட்டிருக்கீங்க? எந்த முட்டாள் இறங்கச் சொன்னது?"ன்னார். அவர் என் கடையில கடனில்லாம வாங்குற ஆள், அப்படிப்பட்டவங்க இங்க கொஞ்சம். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஒலிந்தோ, "நான்தான் சொன்னேன். மாட்டு டாக்டருக்கு வாய்க்கால் என்ன தெரியும்?"னுட்டார். தோட்டக்காரர் அவரைத் திட்டித் தீர்த்துட்டு, என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா, விவரம் தெரிஞ்சவரு"ன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அப்புறம் பூண்டு மூட்டை ஏத்தின லாரி ஒண்ணு நின்னுச்சு. ஒலிந்தோ என்னைத் தூக்கி மேல உட்கார வெச்சார். அவருக்கு அன்னைக்குக் கால் நல்லா ஓடுது, இன்னும் பாதி தூரம் பாக்கி. "நீ ஓடு, உன் பயிற்சி கெட்டுப்போகும்"னேன். "கூட ஆளில்லாம ஓடுறது தண்டனைய்யா. தள்ளி உட்காரு"ன்னு அவரும் ஏறிட்டார். ரெண்டு பேரும் பூண்டு நாத்தத்தோட வீட்டுக்கு வந்து இறங்கினோம். நாங்க வர லேட்டாகி ஞாயித்துக்கிழமை நூடுல்ஸ் குழைஞ்சுபோனதுக்குக் கிரிசெல்தா எங்க ரெண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டினா. அதுல இருந்தே அவரைக் குடும்பத்துல சேர்த்தாச்சுன்னு தெரிஞ்சுக்கோ.

நீ கேக்கத் தயங்கினதையும் சொல்றேன். செத்துப்போன அவர் மனைவியைப் பத்தி என்கிட்ட ஒரே ஒரு தடவை பேசியிருக்கார். பாப்ளர் வரிசைக்கு நடுவுல. கடைசி மாசங்கள்ல அவங்களுக்குத் தலை வார அவர்தான் கத்துக்கிட்டாராம், சரியாவே வரலையாம், அவங்க கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பாங்களாம். அவ்வளவுதான் சொன்னார். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சார். நானும் குறைச்சேன். உன்னைப் பத்தி அப்படிப் பேசினதில்லை. ஆனா உன் பேர் வந்தா வேகம் கூடுது, எனக்குத்தான் மூச்சு இழுக்குது.

குறையும் எழுதணும், இல்லாட்டி நீ நம்பமாட்டே. ஷூவைக் கழட்டினார்னா தெருவுக்கே தெரியும். அது ஒண்ணுதான் கண்டேன். ஆகவே, நல்லாத் தட்டிப் பார்த்த சரக்கு, விரிசல் இல்லை, சம்மதம்னு எழுதிப் போடு. மாதக் கடைசி வரைக்கும் ஏன் காக்க வெக்கிறே.

தோட்டங்களைக் காக்கும் கரோதிஷா மாதா உன் மரங்களை ஆலங்கட்டி மழையிலிருந்தும், உன்னை அவசர புத்தியிலிருந்தும் காத்து, நிறைந்த களமும் நிறைந்த மேசையும் தருவாளாக. அண்ணி உன்னைக் கட்டி அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தருகிறாள். நாய்க்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி கிரிசெல்தா வாங்கிப் படிச்சா. படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கல்யாணம் ஆனா டாக்டர் எங்க இருப்பாரு?"ன்னு ஒரு கேள்வி கேட்டா. நான் அதை யோசிக்கவே இல்லை. உன் மரத்தைப் பிடுங்கி இங்க நட முடியாது. அவர் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாம். எங்க வேணும்னாலும்னா சான் ரஃபாயெல். லுஹானுக்கும் அதுக்கும் நடுவுல அரை நாள் பஸ். ஆகவே மேலே எழுதினதை எல்லாம் எழுதாததா வெச்சுக்கோ. அவர் குரல் கட்டை. சீட்டாட்டத்துல ஏமாத்துவார், நான் பார்த்ததில்லை, ஆனா முகம் அப்படி. உப்பு அதிகம் போட்டுக்கிறார். பொய் சொல்றார், மதகுகிட்ட சொன்னது என்ன பின்னே? நல்லா யோசி. மாதக் கடைசி போதாது, அறுவடை முடியட்டும்.

அப்படியும் சம்மதம்தான்னா, உங்க ஊர்ல குழாய்க் கடை வெக்க இடம் ஏதாவது காலியா இருக்கான்னு விசாரிச்சு எழுது. வாடகை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை. வாசல் சின்னதா இருந்தாலும் சரி. பின்பக்கம் ஒரு மண் ரோடு நீளமாப் போகணும்.