முப்பத்துநாலு மார்க் ஒயின்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சம்பந்தி என்று எழுதும் உரிமை போன சனிக்கிழமையோடு பறிபோய்விட்டதா, இல்லை இன்னும் தொங்கலில் இருக்கிறதா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் மனைவி சுகம். நான் சுகமில்லை. மகள் சுகமா என்பது அவள் என்னோடு பேசினால்தானே தெரியும். "அம்மா, அவர்கிட்டேருந்து அந்த உப்பை வாங்கிக் குடு" என்கிற அளவில் நிற்கிறது எங்கள் பேச்சுவார்த்தை.

நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் எதற்கு வருந்துகிறேன், எதற்கு வருந்தவில்லை என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. ஒரு மார்க் குறைந்தாலும் குறைந்ததுதான், இரக்கத்துக்கு என் பேனாவில் மை கிடையாது. அதனால் பையன்கள் எனக்கு வைத்த பெயரே 'முப்பத்துநாலு'. ஓய்வு பெற்ற பிறகு கை நமநமவென்றது. மனைவியின் மளிகைச் சீட்டைத் திருத்திப் பார்த்தேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டாள், அப்புறம் சீட்டோடு பையையும் என் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டாள். மதுவும் விற்கிற பெரிய கடை அது. அங்கேதான், மதுப்பகுதியின் அடித்தட்டில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், விலை குறைந்த சிவப்பு ஒயின்கள் தூசியோடு நின்றன. கடைசி பெஞ்சுப் பையன்களைப் பார்த்த மாதிரியே இருந்தது. இவர்களுக்கும் ஒருத்தர் பரீட்சை வைக்க வேண்டாமா என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து ஒழுங்காகச் செய்து வருகிறேன். பல் விளக்கி, முகம் கழுவி, சட்டை மாற்றி, மேசையில் வெள்ளைத் துணி விரித்த பிறகுதான் கோப்பையைத் தொடுவேன். எந்த பாட்டில் எது என்று தெரியாமலிருக்க என் பழைய சாக்ஸுக்குள் நுழைத்து எண் போடுவாள் மனைவி. முகர்ந்து, வாயில் ஊற்றி, சுழற்றி, வாளியில் துப்பி, நூற்றுக்கு மார்க் போடுவேன். ரொம்பப் பேர் தேறவில்லை. அடித்தட்டு ஒயின்களுக்கென்றே ஒரு பொதுக்குணம் இருக்கிறது: முதலில் கிராம்பு மாதிரி ஒரு சுருக், கடைசியில் நாக்கை இழுக்கும் கசப்பு. இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. உண்டு என்ன, இருந்தது.

சனிக்கிழமை நீங்கள் வந்தது கல்யாணத் தேதி பேச. அதை மட்டும் பேசியிருக்கலாம். நான்தான் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை வைத்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். மூன்று சாக்ஸ் வரிசையாக நின்றதும் சம்பந்தியம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும். துவைத்த சாக்ஸ்தான், சத்தியமாக. நீங்கள் கொண்டுவந்த பாட்டிலையும் என் மனைவி அதில் சேர்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டையும் நான் வாளியில் துப்பியபோது நீங்கள் முகம் மாறாமல்தான் இருந்தீர்கள். உங்கள் வாயிலும் ஒரு மடக்கு இருந்தது, வாளிக்குப் போவதா விழுங்குவதா என்று தெரியாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தீர்கள், பாவம், கடைசியில் மரியாதைக்கு விழுங்கினீர்கள். மூன்றாவதை நான் துப்பினேன். கொஞ்சம் சத்தமாகவே துப்பிவிட்டேன். பிறகு முப்பத்தொன்று என்று போட்டு, வழக்கம்போலக் குறிப்பும் எழுதி, எழுதியதோடு நிறுத்தாமல் எழுந்து நின்று வாசித்தேன்: "கவனக்குறைவு. வீட்டில் யாரும் கண்டிப்பதில்லை என்று தெரிகிறது. பெற்றோரை அழைத்து வரவும்."

பெற்றோர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சாக்ஸைக் கழற்றினால் லேபிளே இல்லாத பாட்டில். "அது நம்ம பின்கட்டு ரூம்ல நானே போட்டதுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நாளெல்லாம் ஊர் லிஃப்டுகளை ஏற்றி இறக்கிப் பழுது பார்த்துவிட்டு, வந்த களைப்போடு திராட்சையை உங்கள் கையாலேயே பிசைந்து, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் டிரம் வைத்து, இந்தக் கல்யாணத்துக்கென்றே போட்டதாம். மாப்பிள்ளை பிறகு என் மகளிடம் சொல்லி, மகள் அம்மாவிடம் சொல்லி, எனக்கு வந்து சேர்ந்த செய்தி இது. அந்த நேரத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். "பரவாயில்லைங்க, உழைச்சா அடுத்த தடவை தேறிடும்" என்றேன். தேதிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது எங்கள் கட்டடத்து லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நிற்க, லிஃப்ட் மெக்கானிக்கான நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியில் இறங்கிப் போனீர்கள். அதில்தான் உங்கள் கோபம் எவ்வளவு என்று எனக்கு உறைத்தது.

மறுநாளே மறுகூட்டல் செய்தேன். மணத்துக்கு இரண்டு சேர்ந்தது. திங்களன்று மறுமதிப்பீடு, நிறத்துக்கு இன்னும் ஒன்று. முப்பத்துநாலு. மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு மார்க் போட்டா இவருக்கு என்ன குறைஞ்சிடும்?" எனக்கும் போடத்தான் ஆசை. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தேன். அந்தக் கிராம்பும் கசப்பும் இருக்கும்போது கை வரவில்லை சம்பந்தி, என்ன செய்ய.

ஆகவே, வாசித்ததற்கு மன்னிக்கவும். சத்தமாகத் துப்பியதற்கு, பெற்றோரை அழைத்ததற்கு, சாக்ஸுக்கு, எல்லாவற்றுக்கும் மன்னிக்கவும். மார்க்குக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை, அது சரியான மார்க். என் நாக்கு செய்த தப்புக்கு என் மகளைத் தண்டித்துவிடாதீர்கள். அவளுக்கு உங்கள் பையன் என்றால் உயிர், உங்கள் மேலேயும் ரொம்பப் பிரியம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு, இன்னும் மாப்பிள்ளைதான் என்றால், என் மனம் நிறைந்த ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
பெண்ணின் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மிச்சமிருந்த உங்கள் பாட்டிலை எடுத்தேன். பல் விளக்கப் போனால் குளியலறைக்குள் மகள். கதவைத் தட்டுவது நான் என்று தெரிந்ததும் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். சரி, ஒரு நாள் விளக்காமல்தான் குடிப்போமே என்று ஊற்றினேன்.

கிராம்பைக் காணோம். நாக்கை இழுக்கும் கசப்பையும் காணோம். பயந்துபோய் அலமாரியிலிருந்த மற்ற இரண்டையும் ஊற்றிப் பார்த்தேன், அதிலும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "நம்ம வீட்டு பேஸ்ட்டே கிராம்பு பேஸ்ட்டுதானேங்க. அதுல விளக்கிட்டு எதைக் குடிச்சாலும் கசக்கத்தான் செய்யும், பச்சைத்தண்ணிகூட" என்றாள். இத்தனை நாள் ஏண்டி சொல்லவில்லை என்றால், "நீங்க திருத்துறப்போ யாரும் பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சம்பந்தி, இதுவரை நான் போட்ட மார்க் அத்தனையும் என் பேஸ்ட்டுக்குப் போட்டது. தேறாதென்று தொட்டியில் கொட்டிய பாட்டில்கள் எத்தனையோ. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன்களிடம் இனி எப்படி மன்னிப்புக் கேட்பது? மேலே எழுதியதில் மார்க் பற்றிய பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். உங்கள் ஒயின் கொஞ்சம் புளிப்பு, அப்புறம் திராட்சைத் தோலை மென்ற மாதிரி ஒரு இனிப்பு, அது தொண்டையில் வெகுநேரம் நிற்கிறது. மார்க் போடவில்லை. துப்பவும் இல்லை. பாட்டில் காலி.

சத்தம் கேட்டு ஈரத்தலையோடு வந்த மகள் இந்தக் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு என் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்தின் மேல் மூலையில் வட்டம் போட்டு 34 என்று இருக்கிறதே, அது ஒயினுக்கு இல்லை, எனக்கு. மிச்சம் ஒரு மார்க் உங்கள் கையில் இருக்கிறதாம்.