பத்தொன்பது மணி நேரத் தோட்டம்

மொட்டை மாடியில் தக்காளி காய்த்துப் பழுக்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை பதினொரு மணிக்குத் தோட்டத்தைப் பார்க்க வீட்டுக்காரம்மா வருகிறார். இப்போது குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அல்ல. அவர், இந்தத் தம்பதியின் தையல் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வரப்போகிறவர், இவர்கள் போக நினைக்கும் வீட்டின் சொந்தக்காரர். பதினாலு வீடு ஏறி இறங்கியதில், "மெஷின் எவ்வளவு வேணா ஓட்டிக்கோங்க" என்று சொன்ன ஒரே மனுஷி.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கடையில் காய் வாங்குகிறவர்களுக்கு வீடு கிடையாது. அவருடைய மாடித் தோட்டத்துப் படம் தினமும் காலையில் எல்லோர் போனிலும் வந்து விழும். செடி கொள்ளாமல் தக்காளி, பக்கத்தில் அவர்.

"எல்லாம் உங்களாலதான். செடி வளர்ப்பீங்களான்னு கேட்டாங்க. வளர்ப்போம்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்" என்றாள் மனைவி. பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் அசிஸ்டென்ட்.

"அப்படித்தானே சொன்னேன்?"

"பத்து வருஷமா காய்கறிக் கடைப் பக்கமே தலை வெச்சுப் படுத்ததில்லன்னு சொன்னீங்க. நமக்குக் கல்யாணம் ஆகியே நாலு வருஷம்தான் ஆகுது."

கணவர் தையல்காரர். சட்டையை அளவாகத் தைப்பார். பொய்யில் மட்டும் எப்போதும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுவிடுவார்.

"செடி நர்சரியில கிடைக்கும். காய் கடையில கிடைக்கும். ரெண்டையும் இணைக்கத்தான் நான் இருக்கேனே" என்றார் அவர்.

"எந்தக் கடைக் காய்? ஒரு கடி கடிச்சா மருந்து அடிச்சதா இல்லையான்னு சொல்லிடுவேன்னாங்களே அந்தம்மா."

"அப்ப இயற்கைக் காய்தான். கிளம்பு."

இயற்கை அங்காடியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தக்காளிகள் கூடைகளில் ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்திருந்தன.

"இது எங்க விளைஞ்சதுங்க?"

"இயற்கையில மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

"சரி, எந்த ஊர் இயற்கை?"

அந்தப் பெண் கூடைச் சீட்டைத் திருப்பிப் படித்தாள். "ஃபிளைட்ல வந்திருக்கு மேடம். பன்னண்டு நாள் ஆச்சு. ஆனா ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது."

காம்பும் கிடையாது. ஒன்றிரண்டில் இருந்த காம்பு எரிந்த தீக்குச்சி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இதுல நூலை எங்க கட்டறது? காலையில பறிக்கப் போற காய்க்குப் பச்சைக் காம்பு வேண்டாமா? நான் அப்பவே சொன்னேன், உள்ளூர்க் காய்தான்னு."

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

விடிந்ததும் அவள் சந்தைக்குப் போனாள்.

"எந்த ஊர்த் தக்காளிக்கா?"

காய்க்கார அம்மா கையை நீட்டினார். "அதோ தண்ணித் தொட்டி தெரியுதுல்ல? அதுக்குப் பின்னாடி நம்ம தோட்டம். பறிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகல."

"மருந்து அடிச்சதா?"

"பின்ன? உனக்குக் காய்ச்சல் வந்தா நீ மாத்திரை போட மாட்டியா?"

காம்பு பச்சைப் பசேல் என்று இருந்தது. கத்தரிக்காயும் அப்படியே. அவள் இரண்டையும் பை நிறைய வாங்கிக்கொண்டாள்.

இப்போது வேறு பிரச்சனை. உள்ளூர்த் தக்காளியில் ஒரு புள்ளிகூட இல்லை. பார்த்த உடனே மருந்து நினைவுக்கு வந்தது.

பள்ளி லேபில் தக்கையில் துளை போடும் சின்னப் பித்தளைக் குழாய் ஒன்று வெள்ளிக்கிழமை அவள் கைப்பையோடு வீட்டுக்கு வந்திருந்தது. அதை எடுத்து நாலைந்து பழங்களில் ஓட்டை போட்டாள்.

கணவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "புழு இப்படியா சாப்பிடும்? காம்பஸ் வெச்சு வட்டம் போட்ட மாதிரி இருக்கு."

"ஒழுங்கான புழு. கட்டுங்க."

நர்சரியிலிருந்து தக்காளியும் கத்தரியுமாக வந்த எட்டுத் தொட்டிகளில் அவர் வேலையை ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரிய வேண்டிய மேல் கிளைகளில் உள்ளூர்க் காய். கைக்கு எட்டுகிற, கடித்துப் பார்க்கக்கூடிய கீழ்க் கிளைகளில் இயற்கைக் காய். காம்பு இல்லாததை ஊசியால் நூல் கோத்துத் தொங்கவிட்டார். காம்பின் பச்சைக்கு நூலின் பச்சையைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டைகளைத் தேடி எறும்பு வந்தது. இயற்கை தானாகவே வந்து சேர்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

பத்து ஐம்பத்தெட்டுக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள்.

"ஏங்க, தக்காளிச் செடியில கத்தரிக்காய் தொங்குது."

"இலையைப் பார்த்தா எனக்கு என்னம்மா தெரியும்? எல்லாம் பச்சைதானே."

அழைப்பு மணி அடித்தது.

வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் கணவர். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சொல்ல இடைவெளி இல்லை.

"வெயில் நல்லா படுது. எறும்பு இருக்கு, நல்லது. புழு ஓட்டை இருக்கு, ரொம்ப நல்லது. ஒரு பழம் கொடுங்க, பார்ப்போம்."

தையல்காரர் சின்னக் கத்தரிக்கோலை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கீழ்க் கிளையிலிருந்து ஒன்றைப் பறித்துத் தந்தார். வீட்டுக்காரம்மா கடித்தார். கண்ணை மூடினார்.

"இந்த மண்ணோட ருசி. இன்னிக்குக் காலையில வரைக்கும் வேர்ல தண்ணி குடிச்சிருக்கு."

விமானத்தில் வந்த தக்காளி அது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

மேல் கிளைப் பழம் அடுத்தது. "இது இன்னும் சுத்தம். மருந்து பக்கத்துலகூட வந்ததில்ல. என் நாக்கை ஏமாத்த முடியாது" என்றார். "வீடு உங்களுக்குத்தான்."

அதோடு கீழே இறங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

"இது என்ன, தக்காளியில கத்தரிக்கா?"

"ஒட்டுச் செடிங்க. ரெண்டும் ஒரே குடும்பம்" என்றாள் அவள். அது உண்மை என்பதால் குரல் கொஞ்சம் பலமாக வந்தது.

"ஒரே குடும்பம்னா ஒத்துப் போகுமா?"

"போகாதுங்க. வெளியில காட்டிக்காது."

"அதிசயமா இருக்கே. இதை நானே பறிக்கிறேன்."

"வேண்டாங்க, முள்ளு இருக்கும், நான்..." என்று கத்தரிக்கோலோடு பாய்ந்தார் தையல்காரர். அதற்குள் வீட்டுக்காரம்மா கத்தரிக்காயைப் பிடித்து இழுத்துவிட்டார். காய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

தையல்காரர் அதை இரட்டை நூலில், மூன்று முடிச்சு போட்டுக் கட்டியிருந்தார். அவர் தைத்த எதுவும் இதுவரை பிரிந்ததில்லை. காய் செடியை இழுத்தது, செடி வேரை இழுத்தது. முழுச் செடியும் மண்ணோடு தொட்டியை விட்டு வெளியே வந்து, வீட்டுக்காரம்மாவின் கையில் கத்தரிக்காயிலிருந்து தொங்கி ஆடியது. பச்சை நூல் வெயிலில் பளபளத்தது.

அவளுக்குப் பதினாலு வீட்டுப் படிகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. இனிப் பதினைந்தாவதைத் தேட வேண்டும், கையில் இருப்பது ஒன்பது நாள்.

வீட்டுக்காரம்மாவின் முகம் சிவந்தது. "கடையில வாங்கி, நூல்ல கட்டி, என்னையே..." என்று ஆரம்பித்தார்.

அவர் கணவர் கூடையைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். நூலை விரலில் சுற்றி இரண்டு முறை சுண்டிப் பார்த்தார். முடிச்சைத் தடவினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"இதைத்தானே நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், போட்டோ எடுக்குறதுக்குள்ள பசை வெயில்ல உருகி விழுது, நம்ம தக்காளியையும் நூல்ல கட்டிடலாம்னு!"