சண்டைக்காட்சியில் புல்லாங்குழல்

தோற்றுப்போன ஒரு படத்துக்கு இவ்வளவு விசுவாசமான மனிதர், பெரம்பலூர் அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்க மாட்டார். எடுத்த தயாரிப்பாளரே அந்தப் படத்தைத் தலைமுழுகிவிட்டார். நடித்த கதாநாயகன், பேட்டியில் அந்தப் பேச்சு வந்தாலே தண்ணீர் கேட்கிறார். எங்கள் பஸ் கண்டக்டர் மட்டும் விடுவேனா என்கிறார்.

உளவாளி ஒருவன் கோட்டு போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிற படவரிசை அது. பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள், ஆகவே வேண்டாம். இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. நாலு பாகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாலாவது பாகம் மட்டும் படுத்த படுக்கை. அந்த நாலாவதுதான் படம், மற்றதெல்லாம் சும்மா என்பது நம் கண்டக்டரின் கட்சி. அதனால் அவருக்கே 'நாலாம் பாகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்த ஊர் பூலாம்பாடி என்பது தெரியும். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸுக்கும் சம்சாரத்துக்கும்தான் தெரியும்.

நான் அரியலூரில் ஓர் ஆபீஸில் பேனா பிடிக்கிறவன். வீடு பெரம்பலூரில். தினமும் காலையில் அந்தத் தனியார் பஸ்தான் கதி. எங்கள் பக்கத்தில் சனங்கள் பஸ்ஸைப் பார்த்து ஏறுவதில்லை, பாட்டைக் கேட்டு ஏறுகிறார்கள். முன்னால் போகிற பஸ்ஸில் காதல் பாட்டு, பின்னால் வருகிற பஸ்ஸில் குத்துப் பாட்டு. நடுவில் வருகிற எங்கள் பஸ்ஸில் பாட்டே கிடையாது. நாலாம் பாகத்தின் பின்னணி இசை மட்டும் ஆதியோடந்தமாக ஓடும். கதவு திறக்கிற இசை, சந்தேகப்படுகிற இசை, சுவர் ஏறுகிற இசை. படம் பார்க்காமலே அதன் கதை எனக்கு மனப்பாடம்.

இதில் துரத்தல் இசை என்று ஒன்று வரும். அது ஆரம்பித்தால் டிரைவர் செல்வராசு அண்ணனின் கால் தன்னால் அழுத்தும். சாலையில் சிமெண்ட் லாரிக்குப் பஞ்சமா? ஒரு நாள் பேரளி தாண்டியதும் ஒரு லாரிக்குப் பின்னால் இந்த இசை பிடித்துக்கொண்டது. பஸ் இடதும் வலதுமாக ஆடுகிறது, மத்தளம் அதிர்கிறது, லாரிப் புழுதியில் பாதை தெரியவில்லை. முன் சீட்டில் கத்தரிக்காய்க் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் அலறிவிட்டார்.

"அடேய், யாரடா புடிக்கப் போறீங்க? நான் சந்தைக்குத்தான்டா போறேன்!"

நாலாம் பாகம் அவரிடம் குனிந்து, "பயப்படாதீங்கம்மா, இந்த சீன்ல யாரும் சாவ மாட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

கண்டக்டரோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்ற ஒரே ஆள் பிலோமினா சிஸ்டர். வரதராஜன்பேட்டையில் பிறந்து பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டு, அரியலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை பார்ப்பவர். அவர் ஒன்றாம் பாகம் கட்சி. ஏறிக் கம்பியைப் பிடித்ததுமே கச்சேரி தொடங்கிவிடும்.

"ஏங்க, சண்டக்காட்சியில புல்லாங்குழல் வாசிச்சிருக்கான் பாருங்க ஒருத்தன், அவன் என்னா மியூசிக் டைரக்டரு?"

"சண்ட போடுறவனுக்கு உள்ளுக்குள்ள அழுகாச்சி இருக்காதாம்மா? அதத்தான் அந்தத் தம்பி வாசிச்சிருக்கு."

"எங்க ஆஸ்பத்திரிக்கு வெட்டுப்பட்டு வர்றவன் எல்லாம் ஐயோ அம்மான்னு கத்துறான். ஒருத்தன்கூட புல்லாங்குழல்ல அழுவல."

"ஒன்னாம் பாகத்து மியூசிக் மட்டும் என்னா வாழுது? கொசு பேட்டுல கொசு மாட்டுன மாதிரி இருக்கு. அதப் போயி நீங்க ரிங்டோனா வச்சிருக்கீங்க."

"ரெண்டாம் பாகம்?"

"ராத்திரில கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சுத்துறான். அவனுக்கு எதுத்தாப்புல வர்ற மாடே தெரியாது, எதிரி எங்கேருந்து தெரிவான்?"

"சரி, அஞ்சாம் பாகம்?"

"வேவு பாக்கப் போனவன் அறுவது பேரக் கூட்டிக்கிட்டு மலையில ஆடுறான். ஊருக்கே தெரிஞ்சிறாது?"

"உங்க நாலாம் பாகத்துல ஹீரோ பாதிப் படம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கான்!"

"அதான்ம்மா நெசமான வேவு! எவனாவது வருவானான்னு உக்காந்துதான கெடக்கணும்!"

அரியலூர் வரும்வரை இது ஓயாது. நடுவில் டிக்கெட் கொடுப்பார், விசில் அடிப்பார், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்.

நாலாம் பாகத்தை அவர் பார்த்தது அரியலூர் தியேட்டரில். மொத்த அரங்கத்துக்கும் இவர் ஒருவர். இடைவேளையில் ஆபரேட்டர் இறங்கி வந்து, "அண்ணே, நீங்களும் கெளம்பிட்டா நான் வூட்டுக்குப் போயிருவேன்" என்று கெஞ்சினாராம். இவர் அசையவில்லை. படம் முடிந்து எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார். ஆபரேட்டர் பயந்து விளக்கைப் போட்டுவிட்டார்.

நாலாம் பாகத்தைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அவர் எங்கேயாவது இடம் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்பது நாளடைவில் பயணிகளுக்குத் தெரிந்துபோயிற்று. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஏறுகிறவன் எல்லாம் பக்தனாகிவிட்டான். "நேத்து மறுபடியும் பாத்தேண்ணே, கண்ணு கலங்கிருச்சு" என்று ஒருவர் சொல்வார், ஜன்னல் ஓரம் கிடைக்கும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஆர்வக்கோளாறில், "நாலாம் பாகத்துல ஹீரோயின் பிரமாதம்ண்ணே" என்றார். அந்தப் படத்தில் ஹீரோயினே கிடையாது. உட்கார்ந்தவரைக் கண்டக்டர் எழுப்பி நிற்க வைத்தார். நானும் ஒன்றாம் பாகம் கட்சிதான். ஆனால் எனக்கு முழங்கால் வலி. கொள்கைக்கும் முழங்காலுக்கும் போட்டி வந்தால் முழங்கால்தான் ஜெயிக்கும். "அந்தப் புல்லாங்குழல் இருக்கே, அடடா!" என்பேன். இடம் வந்துவிடும். பிலோமினா சிஸ்டர் ஒருவர்தான் கடைசிவரை பொய் சொல்லவில்லை, அதனால் கடைசிவரை உட்காரவும் இல்லை.

வம்பு ஒரு புல்லாங்குழலால் வந்தது. சித்தளிக்குப் பெண் பார்க்க ஒரு குடும்பம் கிளம்பி எங்கள் பஸ்ஸில் ஏறியது. பூ, பழத்தட்டு, பட்டு வேட்டி மாப்பிள்ளை, முன்கோபக்காரத் தாய்மாமன். பெண் வீட்டார் ஸ்டாப்பிலேயே வந்து கும்பிட்டபடி நிற்கிறார்கள். மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைத்து இறங்கும் நேரம் பார்த்து, ஸ்பீக்கரில் புல்லாங்குழல் கேவிக் கேவி அழ ஆரம்பித்தது. தாய்மாமன் முகம் கறுத்துவிட்டது.

"பொண்ணு பாக்கப் போற எடத்துல ஒப்பாரியா? சகுனமே சரியில்ல. திரும்புங்கடா வூட்டுக்கு!"

நம்மவர் சும்மா இருந்திருக்கலாம். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "அது ஒப்பாரி இல்லீங்க, செத்துப்போன கூட்டாளிய ஹீரோ நெனச்சுப் பாக்குற சீனுங்க!" என்று விளக்கம் கொடுத்தார். செத்துப்போன என்ற சொல் ஒன்று போதாதா? கும்பிட்ட கை கும்பிட்டபடி பெண் வீட்டார் பார்த்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு சாலையைக் கடந்து எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

தாய்மாமன் சும்மா விடுவாரா? விஷயம் சார்ஜா வரை போயிற்று. எங்கள் பஸ் முதலாளி லப்பைக்குடிக்காட்டு பாய், சார்ஜாவில் கடை வைத்திருப்பவர். மறுநாள் காலை அவருடைய குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. நம்மவர் போன் புளூடூத்தில் இருந்ததால், புல்லாங்குழல் பாதியில் நின்று, எல்லா ஸ்பீக்கரிலும் முதலாளி பேசினார்.

"என்னாப்பா இது, என் வண்டியில ஏறுனா கல்யாணம் நிக்கிதுங்குறாங்க? அடுத்த வாரம் ஊருக்கு வரேன். அதுக்குள்ள ஒழுங்கா பாட்டப் போடு. இல்லாட்டி பையக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டே இரு. கேட்டுச்சா?"

பஸ்ஸுக்கே கேட்டது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவர் நம் கண்டக்டர். அந்தத் தோல் பையை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. "என்னண்ணே செய்யப் போறீங்க?" என்றேன். அவர் போனைத் தொட்டார். புல்லாங்குழல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"பைத்தியந்தான்" என்றார் பிலோமினா சிஸ்டர். அன்று அவர் சண்டை போடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பெரம்பலூரில் ஓர் ஆசாமி ஏறினார். தலையில் தொப்பி, முகத்தில் முகக்கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வேவு பார்க்க வந்திருக்கிறாராம். கூடவே வந்த சென்ட் வாசம் டிரைவர் சீட்டுக்கும் கடைசி சீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. "அரியலூர் ஒன்னு" என்று அவர் வாயைத் திறந்ததும் பஸ்ஸில் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது, ஸ்பீக்கரில் கேட்ட அதே முதலாளி குரல். செல்வராசு அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நம்மவர் மட்டும் வழக்கம்போல டிக்கெட் கிழித்தார்.

"பாட்டு இல்லையா தம்பி, இந்த வண்டியில?" என்றார் வேவுக்காரர்.

"பாட்டு வேணும்னா முன்னாடி வண்டில போயிருக்கணும் சார். இது மியூசிக்." பிறகு கறுப்புக் கண்ணாடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பாகம் ஆளா நீங்க? பாத்தாலே தெரியுது" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வழியெல்லாம் இரண்டாம் பாகத்துக்கு விழுந்த அடி காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பிலோமினா சிஸ்டரும் பொறுக்க முடியாமல், "உங்க எழவு மியூசிக்குக்கு அது எவ்வளவோ தேவல" என்று நடுவில் புகுந்தார். பழையபடி சூடு பிடித்துக்கொண்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஆசாமி எழுந்து, முகக்கவசத்தை மெல்ல இறக்கி, கண்ணாடியைக் கழற்றினார்.

"நாந்தான் இந்த வண்டி முதலாளி."

"தெரியும் பாய்" என்றது மொத்த பஸ்ஸும்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. ஒரே ஒரு கேள்வி. அல்லாவுக்குப் பொதுவா உண்மையச் சொல்லணும். இந்த மியூசிக்கு வேணும்ங்குறவங்க மட்டும் கையத் தூக்குங்க. ஒருத்தரும் இல்லேன்னா இவரு இன்னியோட எறங்கிக்கட்டும்."

தினமும் கண் கலங்கியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் செருப்பைத் தேடினார். நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன். நாலாம் பாகம் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த பையின் வாரைக் கழற்ற ஆரம்பித்தார்.

அப்போது ஒரு கை உயர்ந்தது. பிலோமினா சிஸ்டர்.

"நீங்களாம்மா? இப்பத்தான எழவு மியூசிக்குன்னு சண்ட போட்டீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன் பாய். எழவு மியூசிக்குதான்."

"பின்ன எதுக்குக் கை?"

"ஆஸ்பத்திரில டாக்டர்ட்ட கத்த முடியாது, நோயாளிட்ட கத்த முடியாது. வூட்டுக்குப் போனா மாமியார்ட்ட கத்த முடியாது. நாள் பூரா சரிங்க சரிங்கன்னுட்டு நிக்கிறவ நான். வாயத் தொறந்து என் மனசுல பட்டதக் கத்துறது இந்த வண்டியில வர்ற நேரந்தான். இவர எறக்கிட்டு நீங்க பாட்டப் போட்டா, நான் யார்ட்ட பாய் போயி சண்ட போடுவேன்?"

கத்தரிக்காய் அம்மாள் கையைத் தூக்கினார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் இரண்டு கையையும் தூக்கினார். என் கை எப்போது உயர்ந்ததென்று எனக்கே தெரியாது. செல்வராசு அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி நின்று தூக்கினார்.

பாய் எல்லோரையும் பார்த்தார். "மாஷா அல்லா. இது பஸ்ஸா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்றார். பிறகு நம்மவரிடம், "இந்தா, பைய மாட்டு. ஸ்டாப்புல நிக்கிறப்ப மட்டும் அந்தப் புல்லாங்குழல நிறுத்திரு, புண்ணியமாப் போவும். அப்பறம், நமக்காக ரெண்டாம் பாகம் மியூசிக்கும் ஒரு தடவ போடேன்ப்பா."

"அது மட்டும் முடியாதுங்க பாய்."

நல்ல வேளையாக பாய் சிரித்துவிட்டார்.

ஆபீஸுக்கு நேரமாகியும் எனக்குப் போக மனம் வரவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். "ஏண்ணே, அவரு முதலாளின்னு உங்களுக்கு மட்டும் தெரியலையா?"

"ஏறுனப்பவே தெரியும் சார். அதுக்காக ரெண்டாம் பாகம் நல்லாருக்குன்னு சொல்லிற முடியுமா?"

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. "நாங்கல்லாம் உங்ககிட்ட புகழ்ந்து பேசுனது..."

"சீட்டுக்காகத்தானே? அதுவும் தெரியும்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்த மியூசிக்கப் போட்ட தம்பிக்கு அதான் சார் மொத படம். படம் விழுந்ததும் எல்லாப் பயலும் அதையே சாக்கா வச்சு ஏசுனான். அதுக்கப்பறம் அவன யாரும் கூப்புடல. இப்ப எங்க இருக்கானோ, என்னா பண்றானோ. ஒருத்தனாவது அவன நல்லாருக்குன்னு சொல்ல வேணாமா? சீட்டுக்காகவாவது சொல்லட்டுமேன்னுதான் எடம் புடிச்சுக் குடுத்தேன்."

விசில் அடித்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

இன்றைக்கும் ஒன்றாம் பாகம்தான் நல்ல படம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனாலும் காலையில் பஸ்ஸில் ஏறியதும், பாதி சீட்டு காலியாகக் கிடந்தாலும், அவர் காதில் விழும்படி அந்தப் புல்லாங்குழலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். பொய்தான், மனசாரச் சொல்கிறேன்.