மீனுக்கு மறுபக்கம் கிடையாது

கடலில் எத்தனையோ வகைப் பிராணிகள் உண்டு. சுறாவைக் கண்டால் விலகிப் போகலாம். திருக்கை கிடக்கும் இடத்தில் கால் வைக்காமல் இருக்கலாம். புயல் வந்தால்கூடப் பாயை இறக்கிவிட்டு, கடலம்மாவைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்காரலாம். ஆனால் விலகவும் முடியாமல், ஓடவும் முடியாமல், வேளைக்கு வேளை நாமே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு எதிரே போய் நிற்க வேண்டிய பிராணி ஒன்றே ஒன்றுதான். கொள்ளைக் கப்பலின் சமையல்காரர்!

கரையில் ஒரு சமையல்காரர் உங்களிடம் முகத்தைக் காட்டினால் அடுத்த சந்தில் நூடுல்ஸ் கடை இருக்கிறது. நடுக்கடலில் எங்கே போவீர்கள்? கடற்பாசியைப் பிடுங்கித் தின்பீர்களா?

நான் செங்கொக்குக் கப்பலில் பாய் தைக்கிறவன். அதற்கு முன்னும் பல கப்பல்களில் தைத்திருக்கிறேன். தலைவர்கள் பலவிதம்; கோழைகளும் உண்டு, கொடுங்கோலர்களும் உண்டு. சமையல்காரர்கள் மட்டும் எல்லாக் கப்பலிலும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். எங்கள் பூன் ஹோய் அண்ணனைச் சொன்னால் போதும், மற்றவர்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதலாவதாக, இவர் தம்மைச் சமையல்காரர் என்று நினைப்பதே இல்லை. கப்பலை ஓட்டுகிறவர் என்று நினைக்கிறார். உப்பு வணிகரின் பெரிய கப்பலை நாங்கள் மடக்கிப் பிடித்த அன்று, கயிறு வீசியவன் தோள் கிழிந்து, ஏணி ஏறியவன் விரல் போய், தலைவி கம்லான் அக்கா இரண்டு கையிலும் வாளோடு மேல்தளத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, அடுக்களை ஓட்டையிலிருந்து ஒரு தலை நீண்டது.

"காலையில என்ன கஞ்சி குடிச்சீங்க?"

"இஞ்சிக் கஞ்சி, அண்ணே."

"ஹூம். இப்ப புரியுதா?"

தலை உள்ளே போய்விட்டது. தோற்ற நாளிலும் அதே தலைதான். ஆனால் கேள்வி வேறு: "எவன்டா கஞ்சியை மிச்சம் வச்சவன்?"

இரண்டாவது, அந்தச் சடங்கு. நீங்கள் முதல் கவளத்தை வாயில் வைத்திருப்பீர்கள். பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சுக்காற்று படும். கரண்டியும் கையுமாக நிற்கிறார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, அண்ணே."

"நல்லா இருக்குன்னா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்போ நேத்து நல்லா இல்ல. அப்படித்தானே? சொல்லேன். மனசுல வச்சுக்காதே."

பீரங்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நிற்கிற ஆண்பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு முன்னால் வேர்த்து வழிவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் சுக்கான்காரர் மாக் லெங் ஒருநாள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்துவிட்டார். சூப்பை வாயில் வைத்துப் பார்க்காமலே சோயா சாறு ஊற்றிக்கொண்டார்! பூன் ஹோய் அண்ணன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அன்றிலிருந்து மாக் லெங்கின் கிண்ணத்தில் முட்டைக்கோஸின் தண்டு மட்டுமே விழுந்தது. இலை என்றால் என்ன நிறம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிற்று. கப்பலில் யாருக்கு யார் மேல் வருத்தம், யார் செல்லப்பிள்ளை, யார் தள்ளுபடி என்று அறிய எங்களிடம் ஒற்றர்கள் கிடையாது. கிண்ணத்தை எட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் ஒரு பெருந்தன்மையும் இருந்தது. மறைக்கக் கூடாது. மீன் பொரித்த நாளில் தட்டை எடுக்க அவர் யாரையும் விடமாட்டார். மேல் சதையைத் தின்று, நடுமுள்ளைத் தூக்கிப் போட்டு, அடிச்சதையைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, "விடுங்க, விடுங்க, உழைச்ச கை, நான் எடுக்கிறேன்" என்று பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டு ஓடி, மிச்சத்தைக் கடலில் கொட்டிவிடுவார். என்ன மனசு என்று நாங்கள் உருகுவோம்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களைப் போலக் கடலில் பிறந்து கடலில் சாகிறவர்கள் தட்டில் இருக்கும் மீனை ஒருபோதும் மறுபக்கம் போடமாட்டார்கள். மீன் எப்படி மல்லாந்ததோ அப்படியே கப்பலும் ஆகும். கப்பல் தலைகீழாவதைக் குறிக்கும் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கமாட்டோம். படுக்கையில் புரள்கிறவனைக்கூட "எதிர்க்கரைக்குப் போறான்" என்றுதான் சொல்வோம். ஒருவன் வேண்டுமென்றே மீனை அப்படிச் செய்தால், உங்கள் கப்பல் மூழ்கட்டும் என்று சாபம் கொடுத்ததாக அர்த்தம். கண்ணில் படும் முதல் பாறையில் அவனை இறக்கிவிட்டுப் போய்விடுவோம். வேற்றுக் கப்பல்காரன் செய்தால் பாறைகூடக் கிடையாது. வாள்தான்.

இனி வருவதை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

ஆமைக்கல் நீரிணையில் யார் முதலில் பாய் விரிப்பது என்று எங்களுக்கும் நீலக்கொடிக் கூட்டத்துக்கும் அந்தப் பருவம் முழுக்க ரத்தக்களரி. இரண்டு பக்கமும் பெண்கள் வெள்ளை உடுத்தினார்கள். மாக் லெங்கின் தம்பி படகோடு போனவன், வெறும் படகுதான் மிதந்து வந்தது. கடைசியில் கம்லான் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சமாதானம் பேச ஆள் அனுப்பினார். நீலக்கொடித் தலைவர் தோங் ஷான் எங்கள் கப்பலுக்கு வந்து அக்காவோடு ஒரே மீனைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்தால் பகை தீர்ந்தது. அவருடைய கப்பல்கள் எங்களைச் சுற்றி வளைத்து நிற்கும். விருந்து கெட்டால் அன்று சூரியன் மறைவதைப் பார்க்க எங்களில் ஒருவரும் மிஞ்சமாட்டோம்.

இதை அக்கா எல்லோரையும் கூட்டி விளக்கினார். பூன் ஹோய் அண்ணனுக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது: 'என் மீனைச் சாப்பிட வெளியிலிருந்து ஆள் வருகிறது.'

வந்தது மீன். முழங்கை நீளக் கலவா. மேலே பொன்னாகப் பொரிந்து, இஞ்சிச் சீவலும் வெங்காயத்தாளும் தூவி, புதுமணப்பெண்ணைப் போல் தட்டில் கிடந்தது. வைத்தவர் போக வேண்டாமா? போகவில்லை. விருந்தாளியின் பின்கழுத்தருகே போய் நின்றுகொண்டார்.

தோங் ஷான் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

அக்கா கண்ணாலேயே எரித்தார். பலனில்லை.

"பிரமாதம், அண்ணே" என்றார் விருந்தாளி.

"பிரமாதம்னா?"

பாவம் தோங் ஷான்! அவர் கடல்காரரே அல்ல. மலைநாட்டில் பிறந்து, வரிக்காரர்களுக்குத் தப்பி ஓடிவந்து, வீரத்தால் தலைவரானவர். மலைநாட்டில் விருந்தாளி அடிச்சதையைத் தான் எடுத்துக்கொண்டு, அழகான மேல் பக்கத்தை வீட்டாருக்கு விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை. அவரும் மரியாதை செய்ய நினைத்தார்.

"அடிப்பக்கம் எனக்குப் போதும். மேல் பக்கம் அக்காவுக்கு!" என்று சிரித்தபடியே சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் மீனுக்கு அடியில் நுழைத்து...

அந்தச் சொல்லை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. மன்னியுங்கள். மீன் எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

பாய்மரத்தில் உட்கார்ந்திருந்த கடற்காகம்கூடப் பறந்துபோயிற்று. உறைகளிலிருந்து வாள்கள் உருவப்படும் ஓசை தளம் முழுக்கக் கேட்டது. அந்த நேரத்திலும் எங்கள் கண்கள் எங்கே போயின தெரியுமா? தட்டுக்கு! மீனின் அந்தப் பக்கம், படகுக்குப் பூசுகிற தாரைப் போலக் கன்னங்கரேலென்று இருந்தது.

"எங்க கப்பலைக் கவுக்கவா வந்தே!" என்று பாய்ந்தார் மாக் லெங். ஐயோ, சொல்லியே விட்டார்! எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். "என் தம்பியை விழுங்கினது பத்தலையா உனக்கு?"

"என்னய்யா பண்ணேன்? மீனைத்தானேய்யா தொட்டேன்!" தோங் ஷானின் முகம் வெளுத்துவிட்டது. சுற்றி நின்ற நீலக்கொடிக் கப்பல்களில் பீரங்கி மூடிகள் திறந்தன.

அப்போது கரண்டி கீழே விழுந்தது. தூங்கும்போதும் அவர் கையை விட்டு நீங்காத கரண்டி!

"அவர் மேல கை வைக்காதீங்க!" பூன் ஹோய் அண்ணன் வாளுக்கும் விருந்தாளிக்கும் நடுவில் வந்து நின்றார். "அக்கா, அவர் மாத்தல. நான்தான் அடுக்களையில மாத்தி வச்சேன். அவர் நேராக்கிட்டார். அவ்வளவுதான்."

புரிகிறதா? மீன் ஏற்கனவே மாறிக் கிடந்தது என்றால், விருந்தாளி செய்தது சாபம் அல்ல, ஆசீர்வாதம். சாபம் சமையல்காரருடையது. அவருக்குத்தான் பாறை.

"உங்களை இறக்கிவிட்டுடுவோம், அண்ணே. தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியும்."

கண் இமைக்கவில்லை அந்த மனிதர்! பாறை, பசி, தனிமை, சாவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லில் தலையைக் கொடுத்துவிட்டார். எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"சரி. எதுக்கு மாத்தி வச்சீங்க?"

அண்ணனின் கை தானாகத் தட்டை எடுக்க நீண்டது.

"கருகினதை மறைக்கவா?"

பாறைக்கு அஞ்சாத முகம் இப்போதுதான் வெளிறியது. "கருகல, அக்கா. நல்லா முறுகியிருக்கு."

"முறுகியிருக்கா? கரிய்யா அது!" என்றார் மாக் லெங்.

"உனக்கு என்ன ருசி தெரியும்? வாயில வைக்காமயே சோயா ஊத்தற ஆளு நீ!"

"அண்ணே!" அக்கா மேசையைத் தட்டினார். "கருகலைன்னா மறைக்க ஒண்ணும் இல்ல. மறைக்க ஒண்ணும் இல்லைன்னா நீங்க மாத்தி வைக்கல. நீங்க வைக்கலைன்னா, மாத்தினது விருந்தாளிதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கருகிச்சா, இல்லையா?"

இரண்டு கூட்டத்தின் உயிரும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. பூன் ஹோய் அண்ணன் பீரங்கிகளைப் பார்த்தார். மாக் லெங்கின் வாளைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"கரு..."

"கேக்கல."

"கருகிடுச்சு! நான்தான் கருக்கினேன்! இன்னிக்கு மட்டுமா? என்னிக்குமே!" அணை உடைந்தது. "வாணலியில அதை அந்தப் பக்கம் போட எனக்குக் கை வரமாட்டேங்குது, அக்கா! வாணலி மட்டும் கரையிலயா இருக்கு? அதுவும் இந்தக் கப்பல்லதானே இருக்கு? இத்தனை பேர் ஏறியிருக்கிற கப்பல்! ஒரு பக்கமாவே பொரிச்சு, மேல எண்ணெயை அள்ளி அள்ளி ஊத்தி... அடி கருகினா கருகட்டும்னு..."

தட்டை அவர் மட்டுமே எடுத்த ரகசியம் அன்றுதான் விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. வாணலியில்கூட மீனை மாற்றப் பயப்படுகிறவர், தட்டில் மட்டும் எப்படி மாற்றி வைத்திருப்பார்? கருகிய பக்கம் தானாகவேதான் அடியில் கிடந்திருக்கிறது. மாற்றியது விருந்தாளியேதான். அழுகிற வேகத்தில் அண்ணன் தம் பொய்யைத் தாமே உடைத்துவிட்டார்.

தளத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. எல்லோரும் மாக் லெங்கைப் பார்த்தோம். அவர் கருகிய மீனைப் பார்த்தார். கரண்டி இல்லாமல் நின்ற அந்தக் கைகளைப் பார்த்தார். தம்பி போன திசையைப் பார்த்தார். வாளை உறையில் போட்டார்.

"மாறினது நேராயிடுச்சு, அக்கா" என்றார். "பாறை எதுக்கு? மீன் ஆறுது."

அந்தப் பேச்சை யாரும் மறுபக்கம் போட்டுப் பார்க்கவில்லை.

தோங் ஷான் மெல்ல உட்கார்ந்து, கருகிய பக்கத்தில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, மொறுமொறுவென்று மென்றார். பின்கழுத்தில் சூடான மூச்சுக்காற்று. அண்ணன் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. கரண்டி கைக்கு வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

நீலக்கொடித் தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மா பொரிச்ச மாதிரியே இருக்கு, அண்ணே. அவங்களும் இப்படித்தான், ஒரு நாளும் உருப்படியாப் பொரிச்சதில்ல."

அது பாராட்டா, வசவா என்று பூன் ஹோய் அண்ணன் பல நாள் யோசித்தார். பிறகு பாராட்டுதான் என்று முடிவு செய்துவிட்டார். திருந்தினாரா என்கிறீர்களா? நல்ல ஆளைக் கேட்டீர்கள்! மீன் இன்றும் ஒரு பக்கம் கரிதான். ஒளிப்பதில்லை, அவ்வளவே. யாராவது முகம் சுளித்தால், "நீலக்கொடித் தலைவரே கண்ணீர் விட்டுச் சாப்பிட்ட மீன் இது!" என்கிறார். மாக் லெங்கின் கிண்ணத்தில் இலை விழ ஆரம்பித்திருக்கிறது. ஆனால் சோயாக் குப்பியைக் காணோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பரிமாறுவது மீனாக இருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பப் பெருமையாக இருக்கலாம், பிள்ளையின் படிப்பாக இருக்கலாம், இதோ என்னைப் போல ஒரு கதையாகவும் இருக்கலாம். பொன்னிறப் பக்கத்தை மேலே வைத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று நீங்கள் யார் கழுத்தருகிலும் நின்றதே இல்லையா? விருந்தாளி குச்சியை அடியில் நுழைப்பதற்குள், "விடுங்க, உழைச்ச கை, தட்டை நான் எடுக்கிறேன்" என்று பாய்ந்ததே இல்லையா?

அட, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். நாங்கள் கடல்காரர்கள். மீனை மறுபக்கம் போடமாட்டோம்.