அப்பா 2140-லிருந்து வந்தவர் அல்ல என்பது குறித்து

பிளம் ஃபெரி, நெப்ராஸ்கா
நவம்பர் 2019

மதிப்புக்குரிய அக்கா லவோன் அவர்களுக்கு,

தம்பி டெல்மர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கெய்லும் சௌக்கியம். சோள அறுவடை முடிந்துவிட்டது. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் முழங்கால் வலியில்லாமல் நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. முதியோர் இல்லத்து நிர்வாகி திருமதி புரூயிட் உனக்குத் தொலைபேசியில் சொன்னது அத்தனையும் உண்மை. அப்பா தன்னை 2140-ஆம் ஆண்டிலிருந்து வந்த விசாரணை அதிகாரி என்று சொல்லிக்கொண்டது உண்மை. சாப்பாட்டுக்கூடத்தில் ஓபல் ஸ்ட்ரான்ஸ்கி அம்மாளை அந்நிய நாட்டு உளவாளி என்று எல்லோர் முன்னிலையிலும் குற்றம் சாட்டியதும் உண்மை. ஆனால் அப்பாவுக்குப் புத்தி கொஞ்சமும் பிசகவில்லை. அவரைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் மறதிக்காரர்கள் பகுதிக்கு மாற்ற உன் சம்மதத்தைக் கேட்கிறார்கள் என்றும், நீ விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டாய் என்றும் கெய்ல் சொன்னாள். விமானம் ஏறுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

நடந்தது இதுதான். பள்ளிப் பேருந்துகளைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது கெய்லுக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் நிலவறையில் ஓர் ஆட்டம் ஆடுகிறோம். பலகை கிடையாது, காய் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு வாயாலேயே ஆடுவது. ஜெயித்தோமா தோற்றோமா என்பதைப் பகடை சொல்லும். பல் டாக்டர் கோர்டன் பெல்லும் மாட்டுத்தீவனக் கடை மர்னாவும் விசாரணை அதிகாரிகள். 2140-லிருந்து 1950-க்கு வந்து, எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயிலில் ஆயுத வரைபடங்களைக் கடத்துகிறவனைப் பிடிக்க வேண்டும். நடந்து முடிந்த எதையும் மாற்றிவிடக் கூடாது என்பது மட்டும் விதி. கதையை நடத்துகிறவன் நான். வழியில் வரும் போலீஸ்காரன், பலசரக்குக் கடைக்காரன், திருடன், நாய் எல்லாம் நானே.

இதில் கோர்டன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியாது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் மனிதனிடமே தப்புக் கண்டுபிடிக்கிறவர். என் கதையில் துப்பறிகிறவன் தபால் ஆபீசிலிருந்து எண்ணைச் சுழற்றி ஒமாஹாவுக்குப் போன் பேசினான். கோர்டன் பகடையைக் கீழே வைத்துவிட்டார். "1950-ல பிளம் ஃபெரியில எண்ணைச் சுழற்றினானா? எக்ஸ்சேஞ்சுல ஆள் இருந்து இணைக்கணும் சார். நீங்க இப்படி நடத்தினா நான் எப்படி நம்பி விசாரிக்கிறது?" என்றார். எனக்கு மானம் போய்விட்டது. நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரை எல்லாம் புரட்டினேன். அந்த வருஷம் முழுக்க மழை, ஆலங்கட்டி, யார் வீட்டுப் பசு எங்கே போய் விழுந்தது, இவ்வளவுதான் போட்டிருக்கிறான். கொரியாவில் யுத்தம் நடந்ததே ஆப்பிள் பை போட்டிக்குக் கீழே ஒரு மூலையில்தான் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. அப்போது அவருக்கு இருபது வயசு.

உனக்குத் தெரியும், அப்பாவும் நானும் இத்தனை வருஷத்தில் பேசியதெல்லாம் இரண்டே விஷயம். வானம் எப்படி, சோளம் எப்படி. நான் போய், "அப்பா, 1950-ல ஒருத்தன் ஊருக்குப் புதுசா வந்தா எதை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வானத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தொப்பி," என்றார். "தொப்பி போடாம வந்தா ஒண்ணு பைத்தியம், இல்ல பாதிரியார். அப்புறம் ஷூ. அப்புறம் அவன் சிரிக்கிற சிரிப்பு. பல்லெல்லாம் வரிசையா இருந்தா வெளியூரு." அன்று மத்தியானம் முழுக்கப் பேசினார் அக்கா. எனக்கு எழுதிக் கை வலித்தது. கிளம்பும்போது, "இதெல்லாம் எதுக்குடா?" என்றார். ஆட்டத்தைச் சொன்னேன். "நானும் வரேன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.

வந்தவர் சும்மா ஆடினாரா? நான் ஒரு தெருவைச் சொன்னால், "அங்க தெருவே கிடையாது, பன்றிப்பட்டிதான்," என்பார். கோர்டனுக்கு அப்பாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். தனக்கு மேலே ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம். நிலவறைப் படி அப்பாவுக்கு ஆகவில்லை என்று ஆட்டத்தையே இல்லத்துச் சாப்பாட்டுக்கூடத்துக்கு மாற்றினோம். அங்கேதான் வினை பிடித்தது. ஓபல் அம்மாள் அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஊரிலுள்ள எல்லாப் பேச்சும் அவர் காது வழியாகத்தான் போனது. அப்பா ஒரு நாள் மீட்லோஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து, "டெல்மர், வரைபட விஷயம் வெளியே போனது இவ மூலமாத்தான். இவளைத்தான் பிடிக்கணும்," என்று விரலை நீட்டிவிட்டார்.

ஓபல் அம்மாளுக்கு ஆட்டம் கீட்டம் ஒன்றும் தெரியாது. "யோவ் எமில்! நீ போன்ல பேசினதே மழை வருமா வராதாதான். அதைக் கேட்டு மாஸ்கோக்காரனுக்கு நான் என்னய்யா சொல்லப்போறேன்?"

"உளவாளி இப்படித்தான் பேசுவா," என்றார் அப்பா.

அந்த அம்மாள் ஜெல்லித் தட்டை எடுத்து அப்பாவின் சட்டையில் கவிழ்த்துவிட்டார். புகார் போய், புரூயிட் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வந்த நேரம் பார், வியாழக்கிழமை, ஆட்டம் தொடங்கப்போகிற நேரம். வேடத்தில் இருக்கும்போது வெளியாள் யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அப்பா எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவர் இல்லையா.

"இது என்ன வருஷம் ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கா, உங்களுக்கா?"

"ஜனாதிபதி யாருன்னு சொல்லுங்க."

"சொன்னா வரலாறு மாறிடும்."

"சரி, இப்ப எங்க இருக்கீங்கன்னு தெரியுதா?"

"எனக்குத் தெரியுது. நான் இங்க இருக்கிறதுதான் வேற யாருக்கும் தெரியக் கூடாது," என்று சொல்லி டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறார். டாக்டர் எழுதிக்கொண்டே போனாராம்.

இதுவரைக்கும் நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேட்டு முடிச்சிருப்பேன். ஓபல் அம்மா கூட சமாதானமாகி, எக்ஸ்சேஞ்சு பொண்ணாவே ஆட்டத்துல சேர்ந்துட்டாங்க, சம்பளம் கேட்டாங்க, அவ்வளவுதான். உனக்குப் போன் வந்தது போன வியாழக்கிழமை நடந்ததுக்காக. அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இவ்வளவு நேரம் சுத்தி வளைக்கிறேன்.

திருடன் ரயில் ஏறுகிற நாளை அக்டோபர் கடைசின்னு வெச்சிருந்தேன். அப்பா முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு, "அதைப் பன்னிரண்டாந் தேதிக்கு மாத்து," என்றார். ஏன்னு கேட்டேன். "அன்னைக்கு மழை. கதைக்கு நல்லாருக்கும்," என்றார். மாத்திட்டேன். ஆட்டம் தொடங்குச்சு. மர்னா தபால் ஆபீசைப் பார்த்துக்கிறதா சொன்னா, கோர்டன் ஓட்டலைக் காவல் காக்கறேன்னார். அப்பா, "நான் வண்டியை எடுத்துக்கிட்டு ஆத்தங்கரை ரோடு வழியா ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றார். "திருடன் இப்ப ஓட்டல்லதான் இருக்கான், ஸ்டேஷன்ல என்ன வேலை?" என்று கோர்டன் கேட்டார்.

"பன்னிரண்டாந் தேதி ரயில்லதான் லாடி போனான்," என்றார் அப்பா.

லாடிச் சித்தப்பா கொரியாவுக்குப் போனார், திரும்பி வரலை. இதுக்கு மேல உனக்கும் எனக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. அப்பாதான் அவரை ரயிலேத்தி விட்டிருப்பார்னு நான் பாட்டுக்கு நினைச்சிட்டிருந்தேன். இல்லையாம். அன்னைக்குக் காலையில அப்பா எதிர்க்கரையில மாடு இறக்கப் போயிருக்கார், திரும்பும்போது ஆத்தங்கரை ரோட்டுச் சேத்துல வண்டி புதைஞ்சுபோச்சு. ஓட்டமும் நடையுமா ஸ்டேஷன் வந்து சேர்றப்ப தண்டவாளம்தான் இருந்துச்சாம். இதை அவர் சோளம் என்ன விலை போச்சுன்னு சொல்ற குரல்லயே சொன்னார். "அவனை இறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப்போறதில்லை. விதியைப் படிச்சிட்டேன். பிளாட்பாரத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

சேத்துலேருந்து வண்டி வெளிய வருமான்னு பகடை போடச் சொன்னேன். போட்டார். வரலை. நான் பகடையை எடுத்துச் சட்டையில துடைச்சு, மேசை சாய்வா இருக்கு, இன்னொரு தடவை போடுங்கன்னேன். கோர்டன், "போட்டது போட்டதுதான்," என்றார். அந்த நேரத்துல அவரோட பல்லை எல்லாம் நானே கழட்டியிருப்பேன். அப்பா கையை மடியில வெச்சுக்கிட்டு, "டாக்டர் சொல்றது சரிதான். அன்னைக்கும் வரலை," என்றார்.

மர்னா நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்தா. "எமில் மாமா, நான் தபால் ஆபீசை விட்டுட்டு ஆத்தங்கரைக்கு வந்துட்டேன். வண்டியைப் பின்னாலேருந்து தள்றேன்." ஓபல் அம்மா, "நானும் எக்ஸ்சேஞ்சை மூடிட்டேன். எவன் பேசணுமோ கத்திப் பேசிக்கட்டும்," என்றாங்க. எல்லாரும் கோர்டனைப் பார்த்தோம். அவர் ஓட்டல்ல இருக்கார், திருடன் அவர் கண்ணு முன்னாடி உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுட்டிருக்கான், இதுக்காகத்தான் அவர் மூணு மாசமா துப்பு சேர்த்துட்டிருக்கார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நாலு பேர் தள்ளினா மறுபடி பகடை போடலாம்னு விதியிலயே இருக்கு," என்றார். "எனக்கு ஷூ சேறாகும், பரவால்லை."

அப்பா பகடை போட்டார். வண்டி வந்துடுச்சு அக்கா. ஓபல் அம்மா கையைத் தட்டினாங்க. அப்பா எழுந்து நின்னு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது, வழியில வர்ற ஆளெல்லாம் நான்தானே, லாடிச் சித்தப்பாவும் நான்தானே பேசணும்னு. எதைக் கண்டேன் நான்? அவர் போய் அஞ்சு வருஷம் கழிச்சுப் பொறந்தவன். "அண்ணே, வந்துட்டீங்களா?" என்றேன்.

"அவன் என்னை அண்ணன்னு கூப்பிட்டதே கிடையாது. 'ஏய் எமில்'ம்பான்."

"ஏய் எமில். வந்துட்டியா?"

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுடா."

"உன் வண்டி என்னைக்குடா மாட்டாம வந்துச்சு?" என்றேன். இது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அப்பா சிரிச்சார். சிரிச்சிட்டுத் தலையை ஆட்டினார், அப்படித்தான் சொல்லியிருப்பான்கிற மாதிரி.

"சாப்பிட்டியா?"

"அம்மா கொலாச்சி பன் சுட்டுக் கட்டிக் குடுத்துச்சு."

"எந்தக் கொலாச்சி?"

இதை நான் விசாரிச்சு வைக்கலை. "பிளம் வெச்சது," என்றேன். "பிளம் அவனுக்கு ஆகாது," என்றார். "பாப்பி விதை," என்று திருத்திக்கிட்டேன். அப்பா தன் கோட்டுப் பையிலேருந்து கையுறையை எடுத்து என் முன்னால மேசை மேல வெச்சார். "அங்க குளிருமாம். போட்டுக்கோ." நான் கோர்டனைப் பார்த்தேன், கையுறையைக் குடுத்தா வரலாறு மாறுமேன்னு. அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்பினார். கடைசியில மூடி வெச்சிட்டு, "கையுறையைப் பத்தி இதுல ஒண்ணும் போடலை," என்றார். நான் கையுறையைப் போட்டுக்கிட்டேன். மர்னா ரயில் மாதிரி ஊதினா. அப்பா கையை ஆட்டிக்கிட்டே நின்னார், ரயில் போயும் நின்னார்.

அதே ரயில்லதான் திருடனும் வரைபடத்தோட போயிட்டான். 2140 மொத்தமும் சாம்பலாயிருக்கும். ஒருத்தரும் கேட்கலை.

புரூயிட் கதவைத் திறந்துக்கிட்டு வந்தது அப்பத்தான். பல் டாக்டர் மூக்கைச் சிந்தறார், தீவனக் கடைக்காரி அழறா, எமில் வோண்ட்ரா ஜன்னலுக்குக் கை காட்டறார், நான் மத்தியானத்துல கையுறை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். "யார் போனது?" என்று கேட்டார். "லாடி," என்றார் அப்பா. "எப்ப?" "1950-ல." புரூயிட் நேரா ஆபீசுக்குப் போய் உனக்குப் போன் போட்டுட்டார்.

ஆகவே, அக்கா, நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை. திருமதி புரூயிட்டிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டேன். ஆட்டத்தை நிறுத்தினால் அப்பாவை வேறு டாக்டரிடம் காட்டிப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். நிறுத்திவிட்டேன். பகடைகளைக் கொட்டகையில் பூட்டிச் சாவியைக் கெய்லிடம் கொடுத்துவிட்டேன். இனி 1950 பற்றி இந்தக் குடும்பத்தில் யாரும் பேசப்போவதில்லை என்று உறுதி கூறுகிறேன். நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். விமானச் சீட்டை ரத்து செய்துவிடு. அத்தானின் உடம்பைப் பார்த்துக்கொள். கெய்ல் உங்கள் இருவருக்கும் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். கடவுள் உங்கள் வீட்டுக்கு நல்லதையே தரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
டெல்மர் வோண்ட்ரா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தது நல்லதாயிற்று. புது டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா சரியாகப் பதில் சொல்லிவிட்டு, டாக்டர் தன் கோட்டுக்குப் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பதையும் சொல்லியிருக்கிறார். அவரை எங்கேயும் மாற்றவில்லை. திருமதி புரூயிட் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த ஆட்டத்துல வேற வருஷத்துக்கும் போக முடியுமா?" என்று கேட்டார். எந்த வருஷம் என்றேன். அப்புறம் சொல்கிறேன் என்றார். ஆகவே வியாழக்கிழமை மறுபடி ஆடுகிறோம். அப்பாவுக்கு 1951 வசந்த காலம் வேண்டுமாம். அவர் அம்மாவை முதன்முதலில் பார்த்த அந்த நடன மண்டபத்தில், கோட்டு வாங்கி வைக்கிற ஜன்னலில், அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை. போலீஸ்காரன், திருடன், நாய் எல்லாம் நான் பேசுவேன், அப்பாவிடம் அம்மாவாகப் பேச என்னால் ஆகாது. மர்னா பேசிப் பார்த்தாள், அப்பா இரண்டு வார்த்தையிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "லவோன் பேசினா உங்கம்மா பேசற மாதிரியே இருக்கும்," என்றார். விமானச் சீட்டை ரத்து செய்துவிடாதே. உடனே கிளம்பி வா. அப்பா நேற்றே முடி வெட்டிக்கொண்டுவிட்டார்.