வயிறு நிறைந்த கிட்டார்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரவீணாவுக்கு, உன் நைனா சம்பந்தம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பாத்திரக்கடையும் நலம். பெங்களூரில் உன் நலத்துக்குக் கமலக்கன்னியம்மன் பொறுப்பு. போன் போட்டால் "மீட்டிங் நைனா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம்.

நீ விட்டுப்போன பெரிய கிட்டாரைப் பார்சலில் அனுப்பச் சொல்லி மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு நான் காரணமில்லை, அதன் உடம்புதான் காரணம். நீ கொண்டுபோன எலக்ட்ரிக் கிட்டார் தட்டைப் பலகை, துணிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. இதற்கோ இடுப்பு ஒடுங்கி வயிறு பெருத்து, கடையில் உள்ள எந்த அட்டைப்பெட்டியிலும் அடங்க மாட்டேன் என்கிறது. கடைசியில் இரண்டு ஃபேன் பெட்டிகளை ஒட்டித் தயார் செய்தால், உன் அம்மா சாரதா, "வயிறு சும்மாதான கெடக்குது, கொழந்தைக்கு மல்லாட்ட போவட்டும்" என்று, வல்லத்திலிருந்து வந்த வேர்க்கடலையை வறுத்து உரித்து இரண்டு படி கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ஓட்டை வழியே உள்ளே கொட்டிவிட்டாள். கம்பியைத் தட்டினேன், சாக்கு மூட்டையைத் தட்டிய மாதிரி இருந்தது. தச்சர் நெடுமாறனைக் கூப்பிட்டேன், அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? பாப்பா எடுத்துட்டுப் போனதுல கம்பி துடிக்கிறத அடியில இருக்கிற காந்தம் புடிச்சி ஸ்பீக்கருக்கு அனுப்புது. அதுக்கு ஒடம்பு எந்த ஷேப்ல இருந்தா இன்னா, கத்தும். இதுக்கு வயிறுதான் ஸ்பீக்கரு. மேல்பலகை அதிரணும், உள்ள காத்து ஆடணும். மல்லாட்டய ரொப்புனா எப்படி?"

இருவருமாகத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினோம். போனது இரண்டு படி, வந்தது ஒன்றே முக்கால். வாசலில் சிதறிய மீதியைப் பக்கத்து வீட்டு வசந்தாவின் கோழிகள் தின்றுவிட்டன.

காலியானதும் ஒரு கம்பியைத் தட்டினேன் அம்மா, வீடே நிறைந்துபோனது. முன்பெல்லாம் கரண்ட் போனால் உன் பலகை ஊமையாகிவிடும். நான் நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள் இதை எடுத்துவைத்து ஆரம்பித்துவிடுவாய், "இதுக்கும் கரண்ட் வேணும்னு செஞ்சிருக்கக் கூடாதா" என்று நான் கத்துவேன். இப்போது கரண்ட் போனால் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சாரதா விசிறிக்கொண்டே உன் அறையைப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன்.

கிட்டாரை நேற்று அனுப்பிவிட்டேன், புதனன்று வந்துசேரும். வேளாவேளைக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாக இரு.

உன் நைனா,
சம்பந்தம்

பி.கு.: அனுப்பவில்லை. கடலை நிஜம், பெட்டிக் கதை பொய். முதல் வாரமே பார்சல் ஆபீஸில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ரசீது போட்ட பிறகு நான்தான் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்தேன். இதையும் அனுப்பிவிட்டால், நீ இங்கே வந்து எடுத்துப்போக வேறு ஒன்றுமே இல்லையே.