ஆறுதல் கஞ்சிக்குத் தகுதியானவர்

காய்ச்சல்காரர்களுக்கு வீட்டில் வைக்கிற கஞ்சியைக் காய்ச்சலே இல்லாதவர்கள் கார் ஏறிப் போய்க் குடிப்பது நாகரிகமாகிவிட்ட காலம். அந்தக் கஞ்சிக்குப் பேர்போன உணவகத்துக்குத் தம் அலுவலக இயக்குநரையும் தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார் உதவிக் கண்காணிப்பாளர். அவர் கண்காணிப்பாளர் ஆவதற்கு இயக்குநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பல வருடங்களாகவே அது ஒன்றுதான் பாக்கி.

"ஐயாவுக்கு வயிறு குளிர்ந்தா கை தானா கையெழுத்துப் போடும்" என்பது மனைவியின் யோசனை.

உட்கார்ந்ததும் கோட்டு போட்ட ஒருவர் வந்து பணிவாகக் குனிந்தார். அவர் அங்கே ஆறுதல் அதிகாரியாம்.

"வணக்கம். உங்க துக்கம் என்ன?"

"துக்கமா? நாங்க சாப்பிட வந்திருக்கோம்" என்றார் இயக்குநர்.

"இது ஆறுதல் கஞ்சி சார். ஆறுதல் தேவைப்படாதவங்களுக்குக் கொடுத்தா அது வெறும் கஞ்சி. வெறும் கஞ்சிக்கு இந்த விலை வாங்கினா அநியாயம் இல்லையா?"

விதி என்று வந்துவிட்டால் இயக்குநர் மறுபேச்சு பேசமாட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தம் துக்கங்களை முறைப்படி சமர்ப்பித்தார். கார் பழசாகிவிட்டது. அறையின் சுழல் நாற்காலி கிறீச்சிடுகிறது. கூட்டங்களில் தமக்கு வைக்கும் பூங்கொத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது.

ஆறுதல் அதிகாரி பரிவோடு பரிசீலித்தார். "இதுக்கு வெந்நீர் தரலாம் சார்."

இயக்குநரின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து மேஜையில் ஒரு வைர வியாபாரி தேம்பித் தேம்பி அழுது இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டிருந்தார்.

உதவிக் கண்காணிப்பாளர் மட்டும், "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்று அவசரமாகச் சொல்லிவைத்தார். மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது குறை சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "பொய்ங்க! இவர்கிட்ட வேலை பழகினவங்க எல்லாம் இவருக்கே உத்தரவு போடுறாங்க. தூக்கத்துல கூட 'ஐயா, ஒரு கையெழுத்து'ன்னு புலம்புறார்."

ஆறுதல் அதிகாரியின் கண் கலங்கியது. "இதுக்கு யார் காரணம்?"

உதவிக் கண்காணிப்பாளர் இயக்குநரை ஓரக்கண்ணால் பார்த்தார். "நிர்வாகக் காரணம்" என்றார்.

"முதல் தரத் துக்கம்!" என்று அறிவித்தார் அதிகாரி. "கூட வந்தவங்களுக்கும் சேர்த்தே கஞ்சி உண்டு. இந்தத் துக்கம் இருக்கிறவரைக்கும் வாராவாரம் இந்த மேஜை உங்களுக்குத்தான்."

ஊரே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் மேஜை அது. சுற்றியிருந்தவர்கள் மனைவியைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

கஞ்சி வந்தது. இரண்டு வாய் குடித்ததுமே இயக்குநர் உருகிப்போனார். "எங்க அம்மா வச்ச மாதிரியே இருக்குய்யா! உன்னை இத்தனை நாள் வாட்டிட்டேன். நாளைக்கே கையெழுத்துப் போட்டுடுறேன்."

உதவிக் கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"வாழ்த்துகள்!" என்றார் ஆறுதல் அதிகாரி. "துக்கம் தீர்ந்துட்டதால மேஜையை ரத்து பண்ணிடுறேன்."

இயக்குநரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் உதவிக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். உதவிக் கண்காணிப்பாளர், தமக்காக வாதாட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஜீவனைப் பார்த்தார்.

மனைவி கிண்ணத்தை வழித்துக்கொண்டே சொன்னாள்: "கையெழுத்துக்கு அவசரப்படாதீங்க ஐயா. இவருக்குத்தான் காத்திருந்து பழகிப்போச்சே."

உதவிக் கண்காணிப்பாளர் மிச்சக் கஞ்சியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு தம் கிண்ணத்தை அதிகாரியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இப்பதான் துக்கம் கூடியிருக்கு."